கோதுமை நாட்டில் நம் குழந்தைகள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இசை உண்டு, நாட்டியம் உண்டு, நாடகம் உண்டு, இலக்கியச் சொற்பொழிவும் உண்டு. இவற்றுக்கு நடுவே ஒரு மருத்துவனை நிறுத்தி, நோய் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்திருக்கிறார்கள். விருந்து காத்திருக்கும் வேளையில் வயிற்று நோயைப் பற்றிப் பேசுவது பொருத்தமாகுமா என்று நான் தயங்கினேன். “டாக்டர், நம் காலனியில் குழந்தை இல்லாத வீடு எது? அவர்கள் கேட்கட்டும்” என்றார் அவர். அதற்குமேல் மறுக்க இயலவில்லை.

தலைநகருக்கு வந்து குடியேறிய நம்மவர் எல்லாரும் ஒரு நோய்க்குறிப்பை நன்கு அறிவோம். “தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை” என்பதே அது. குழந்தைக்கு வயிற்றுப்போக்கா? தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. உடல் இளைத்ததா? தண்ணீர். தலைமயிர் உதிர்ந்ததா? அதுவும் தண்ணீர். யமுனை நதி பேசத் தெரிந்ததாயின், நம்மீது மானநட்ட வழக்கே தொடுத்திருக்கும்! இவ்வாறு சொல்லி நான் உங்களை நகையாடுவதாக எண்ண வேண்டா. மருத்துவம் கற்றுத் தேர்ந்த பின்னரும் நானே அந்தக் குறிப்பை எழுதியவன். அதனால் விளைந்த பிழையை முதலில் இந்த அவையில் ஒப்புக்கொண்டுவிட்டுப் பிறகு பேசுவதே முறை.

என் தமக்கையார் 1990-களின் தொடக்கத்தில், கணவரின் அலுவல் மாற்றத்தால், தஞ்சை மாவட்டத்திலிருந்து இவ்வூருக்கு வந்தார். இரண்டு வயதுப் பெண் குழந்தை இடுப்பில் இருந்தது. வந்த புதிதில் அரிசிச் சோறே உண்டனர். பள்ளிக்குச் செல்லத் தொடங்கியதும், எல்லார் வீட்டிலும் நிகழ்வதே அங்கும் நிகழ்ந்தது. மதியத்திற்குச் சப்பாத்தி, மாலையில் ரொட்டியும் பிஸ்கட்டும், ஞாயிறன்று பூரி. குழந்தை ஆறு வயதை எட்டியபோது வளர்ச்சி நின்றுபோனாற் போல் இருந்தது. கை கால்கள் குச்சியாயின. வயிறு மட்டும் முன்தள்ளியது. முகம் வெளுத்தது. எட்டு வயதில் ஐந்து வயதுக் குழந்தையின் சட்டை அவளுக்குப் பொருந்தியது.

“தம்பி, நீ பார்த்துச் சொல்லப்பா” என்று அக்கா என்னிடம் அழைத்து வந்தார். நான் இரும்புச் சத்து மருந்து கொடுத்தேன். பூச்சி மருந்து கொடுத்தேன். தண்ணீரைக் காய்ச்சி ஆற்றிக் கொடுக்கச் சொன்னேன். “நீர் மாற்றந்தான் அக்கா, வளர வளரச் சரியாகிவிடும்” என்றேன். அக்கா என்னை நம்பினார். இரண்டு ஆண்டுகள் நம்பினார். அந்த இரண்டு ஆண்டுகளில் குழந்தை வளர்ந்தது அங்குலக் கணக்கில் அன்று, நூலிழைக் கணக்கில்.

இறுதியில் பெரிய மருத்துவமனை ஒன்றின் குழந்தைகள் பிரிவுக்குச் சென்றோம். அங்கிருந்த இளம் மருத்துவர் ஒருவர், என் மருந்துச் சீட்டுகளை எல்லாம் புரட்டிவிட்டு, அக்காவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது குழந்தை எப்படி இருக்கிறாள்?”

அக்கா சற்றும் தயங்காமல் விடை கூறினார்: “பாட்டி வீட்டில் ஒன்றரை மாதம் இருந்தால் வயிறு வற்றிவிடும், நன்றாகச் சாப்பிடுவாள், முகத்தில் களை வந்துவிடும். திரும்பி வந்ததும் பழைய கதைதான். பாட்டியின் கைராசி அப்படி.”

கைராசியன்று, காவிரித் தண்ணீரும் அன்று. பாட்டி வீட்டில் மூன்று வேளையும் அரிசி. இங்கே மூன்று வேளையும் கோதுமை. ஆண்டுதோறும் கோடையில் எங்கள் கண் முன்னேயே அந்தச் சோதனை நடந்துகொண்டிருந்தது. நான்தான் அதைப் படிக்கவில்லை. அந்த நோயின் பெயர் சீலியாக் நோய். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்துள்ளேன்.

இது புதிய நோயன்று. கப்படோசியா நாட்டில் பிறந்த அரேட்டியஸ் என்னும் கிரேக்க மருத்துவர், ஏறத்தாழ பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே, உண்ட உணவு உடலில் ஒட்டாமல் வெளியேறி, மனிதனை மெலிவிக்கும் ஒரு வயிற்று நோயை விவரித்திருக்கிறார். வயிறு என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்தே இதன் பெயர் பிறந்தது. பின்னர் 1887-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், இலண்டன் மாநகரில் கிரேட் ஆர்மண்ட் தெருவிலுள்ள குழந்தைகள் மருத்துவமனையில் சாமுவேல் கீ என்னும் மருத்துவர் இந்நோயைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். இதற்குத் தீர்வு உண்டாயின் அஃது உணவின் வழியாகவே இருத்தல் வேண்டும் என்பது அவர் முடிவு. அம்முடிவு சரியே. ஆனால் எந்த உணவு பகை என்பது அவருக்குப் புலப்படவில்லை. மாவுப் பொருள்கள் யாவற்றையும் ஐயுற்றார். குற்றமற்ற அரிசியும் அவர் விலக்கியவற்றுள் ஒன்றாயிற்று. அவர் பார்த்த குழந்தை ஒன்று நாள்தோறும் கடற்சிப்பி உண்டு நன்றாகத் தேறியதாம். சிப்பிப் பருவம் முடிந்ததும் நோய் திரும்பிற்றாம். நம் வீட்டுக் குழந்தை கோடையில் தேறி ஆடியில் வாடிய கதையும் இதுவேயன்றோ?

1924-இல் அமெரிக்காவில் சிட்னி ஹாஸ் என்னும் மருத்துவர் வாழைப்பழத்தையே பெரிதும் உண்ணச் செய்து பல குழந்தைகளைப் பிழைப்பித்தார். வாழைப்பழத்தில் ஏதோ அரிய மருந்து இருப்பதாக அக்காலத்தில் நம்பினர். மருந்து இருந்தது பழத்தில் அன்று; அவர் விலக்கிய ரொட்டியில் இருந்தது உண்மை. குழந்தைகள் பிழைத்ததற்குக் காரணம் அவர்கள் உண்டதன்று, உண்ணாமல் விட்டது.

கோதுமையே பகை என்று தெளிந்து கூறியவர் ஹாலந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் கரெல் டிக்கே. 1930-களிலேயே அவருக்கு அந்த ஐயம் எழுந்து, கோதுமையில்லா உணவைக் கொடுத்துப் பார்த்து வந்தார். அந்நிலையில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1944-ஆம் ஆண்டு இறுதியிலும் 1945-இன் தொடக்கத்திலும் ஹாலந்தில் கொடிய பஞ்சம் வந்தது. ரொட்டி கிடைக்கவில்லை, மக்கள் பூச்செடியின் கிழங்குகளைத் தின்று உயிர் பிழைத்த காலம் அது. நாடே மெலிந்த அந்நாளில், இந்நோயுற்ற குழந்தைகள் மட்டும் தேறக் கண்டார். ரொட்டி மீண்டும் வந்தபோது அவர்கள் மீண்டும் நலிந்ததையும் கண்டார். தம் ஆராய்ச்சியை 1950-இல் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் நூலாக அளித்தார். அவரும் வான் டி காமர், வேயர்ஸ் என்னும் அவர்தம் தோழரும் 1953-இல் வெளியிட்ட கட்டுரைகள் ஐயத்தை அறவே நீக்கின. குற்றவாளி கோதுமையின் மாச்சத்தன்று. அதிலுள்ள குளூட்டன் என்னும் பசைப் புரதமே. அரிசியும் சோளமும் குற்றமற்றவை.

தாய்மார்களுக்குக் குளூட்டனை நான் அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. கோதுமை மாவைப் பிசைந்து நீரில் நெடுநேரம் அலசினால் மாச்சத்து வெண்ணிறமாகக் கரைந்து போகும். கையில் இழுத்தால் நீளும் பசை ஒன்று எஞ்சும். அதுவே குளூட்டன். சப்பாத்தி மெல்லியதாக விரிவதும், பரோட்டா இழை இழையாகப் பிரிவதும், ரொட்டி பஞ்சு போல் உப்புவதும் இதன் வேலையே. அரிசி மாவில் இஃது இன்மையால்தான் அரிசி ரொட்டி விளிம்பில் விரிசல் விடுகிறது. கோதுமையில் மட்டுமன்றிப் பார்லியிலும், மேனாடுகளில் விளையும் ரை என்னும் தானியத்திலும் இதன் உறவினமான புரதங்கள் உள்ளன.

இனி, உடலினுள் நிகழ்வது யாது என்று காண்போம். சிறுகுடலின் உட்சுவர் வழவழப்பான குழாய் அன்று. வெல்வெட்டுத் துணியைத் தடவினால் மேலெழுந்து நிற்கும் மயிரிழை போல, ஒரு மில்லிமீட்டர் உயரமே உள்ள எண்ணற்ற நுண்விரல்கள் அங்கே நிற்கின்றன. இவற்றைக் குடலுறிஞ்சிகள் என்பர். சோற்றின் சாரத்தையும், கீரையின் இரும்பையும், பாலின் சுண்ணச் சத்தையும் பற்றிக் குருதியில் சேர்ப்பவை இவையே.

குளூட்டனில் புரோலின், குளூட்டமின் என்னும் இரு அமினோ அமிலங்கள் மிகுதி. அதனால் நம் செரிமான நொதிகள் அதனை முற்றும் உடைக்க இயலாமல் சில துண்டுகள் எஞ்சிவிடுகின்றன. இஃது எல்லார் வயிற்றிலும் நிகழ்வதே. பெரும்பாலோர்க்கு இதனால் கேடில்லை. ஆயின், டி.க்யூ.2 அல்லது டி.க்யூ.8 என்னும் மரபுக் குறி அமைந்தவருள் சிலருக்கு, உடலின் காவற்படை அத்துண்டுகளைப் பகைவர் என்று தவறாகக் கருதிவிடுகிறது. குடற்சுவரில் உள்ள டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்னும் நொதி அத்துண்டுகளைச் சிறிது மாற்றியமைக்கவே, அந்தப் பகைமை இன்னும் மூள்கிறது. காவற்படை போர் தொடுக்கிறது. போர்க்களம் எது? நம் குடலே. நுண்விரல்கள் குட்டையாகி, மழுங்கி, இறுதியில் தரைமட்டமாகின்றன. அத்துடன் நில்லாது, உடல் தன் சொந்த நொதிக்கு எதிராகவே எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. இதனை 1997-இல் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். ஆகவே இஃது ஒவ்வாமையும் அன்று. வெறும் அஜீரணமும் அன்று. வாயிற்காவலன் வீட்டுச் சுவரையே இடிக்கும் வகையைச் சேர்ந்தது. சுவர் இடிந்த பின்னர், என்னைப் போன்ற மருத்துவன் எத்தனை புட்டி இரும்பு மருந்து ஊற்றினும் அது உள்ளே சேர்வது ஏது?

“டாக்டர், இது வெள்ளைக்காரர் நோய் ஆயிற்றே” என்று கேட்போர் உளர். நாங்களும் கல்லூரியில் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆனால், வட இந்தியக் குழந்தைகளுக்கு இந்நோய் இருப்பதை வாலியா முதலிய மருத்துவர்கள் 1966-ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டனர். 2011-இல் மக்காரியா முதலியோர் தலைநகர் வட்டாரத்தில் நடத்திய ஆய்வு, ஏறத்தாழ 96 பேருக்கு ஒருவர் என்னும் கணக்கில் இந்நோய் இருப்பதைக் காட்டியது.

இப்போது நான் கூறப்போவதை நம்மவர் சற்றுக் கூர்ந்து கேட்க வேண்டும். 2016-இல், இராமகிருஷ்ணா முதலிய குடல்நோய் வல்லுநர்கள் நாட்டின் வடக்கு, வடகிழக்கு, தெற்கு ஆகிய மூன்று பகுதிகளில் 23,331 பேரை ஆராய்ந்த முடிவு வெளியாயிற்று. வடக்கில் ஆயிரம் பேருக்கு எட்டுப் பேருக்கு மேல் இந்நோய் இருந்தது. தெற்கில் பதினாயிரம் பேருக்கு ஒருவர் என்னும் அளவே. இதைக் கேட்டதும், “நம் உடம்பு வேறு, அவர்கள் உடம்பு வேறு” என்று மகிழத் தோன்றும். மகிழ வேண்டா. நான் மேலே சொன்ன மரபுக் குறி வடக்கில் நூற்றுக்கு 38 பேரிடமும், தெற்கில் நூற்றுக்கு 36 பேரிடமும் இருந்தது. வேறுபாடு அங்கில்லை. வேறுபாடு தட்டில் இருந்தது. வடக்கில் ஒருவர் நாளொன்றுக்கு உண்ட கோதுமை சராசரி 455 கிராம். தெற்கில் 25 கிராம்.

அன்பர்களே! இதன் பொருள் என்ன? விதை நம்மிடமும் உண்டு. ஊரில் அதற்கு நீர் பாயவில்லை. நாம் நீர் பாயும் நிலத்தில் வந்து குடியேறியிருக்கிறோம். குழந்தைகளை இந்நாட்டு உணவில் வளர்க்கிறோம். ஊரில் உள்ள மருத்துவருக்கு இந்நோய் அரிது. நம் பாட்டிமாருக்கு இதற்குப் பெயரே தெரியாது. இங்குள்ள மருத்துவரோ, “மதராசிகள் அரிசி உண்பவர்கள்” என்று எண்ணி நம் குழந்தையிடம் இதைத் தேடாமல் விட்டுவிடக்கூடும். இந்த இரண்டுக்கும் நடுவே நம் குழந்தை விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவர் நாமே.

என்றாலும் அஞ்சிவிடுதலும் கூடாது. மரபுக் குறி உடையவர் அனைவர்க்கும் நோய் வருவதில்லை. மிகச் சிலர்க்கே வருகிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்குக் கோதுமை நல்ல உணவு. நமக்கு வேலையும் வீடும் தந்த இந்நிலத்தின் அன்னம் அது. அதனைப் பழிக்க நான் வரவில்லை. இளைக்க வேண்டும் என்றோ, நாகரிகம் என்றோ எண்ணிக் கோதுமையை விலக்குவோருக்கு என் உரை பொருந்தாது.

ஐயம் எப்போது எழ வேண்டும்? குழந்தைக்கு நாட்பட்ட வயிற்றுப்போக்கும் வயிற்று உப்புதலும் இருந்தால். ஒத்த வயதுக் குழந்தைகளைக் காட்டிலும் உயரத்திலும் எடையிலும் பின்தங்கினால். இரும்பு மருந்து கொடுத்தும் சோகை தீராவிட்டால். பருவமடைதல் காலம் கடந்தும் தள்ளிப்போனால் எழ வேண்டும். பெரியவர்க்கும் இந்நோய் வரும். காரணம் புலப்படாத சோகை, எலும்பு வலி, அடிக்கடி வாய்ப்புண், நீங்காத களைப்பு, மகப்பேறின்மை ஆகியவற்றின் பின்னே இது மறைந்திருப்பதுண்டு. வயிற்றில் ஒரு தொல்லையும் இன்றியே இருத்தலும் கூடும். முதல் வகை நீரிழிவு உடைய குழந்தைக்கும், தைராய்டுக் கோளாறு உடையோர்க்கும் இது வரும் வாய்ப்பு சற்று மிகுதி. வீட்டில் ஒருவர்க்கு இருப்பின், பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் பிள்ளைகளையும் சோதித்தல் நலம்.

சோதனை எளிது. முதலில் டிரான்ஸ்குளூட்டமினேஸ் எதிர்ப்பொருளைக் காணும் குருதிச் சோதனை. அது நோயைச் சுட்டினால், உணவுக்குழாய் வழியாக அகநோக்கிக் குழாயைச் செலுத்திச் சிறுகுடலின் தொடக்கப் பகுதியிலிருந்து கடுகளவு திசு எடுத்து நுண்ணோக்கியில் காண்பர். இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த உரையில் வேறெதை மறந்தாலும் இதை மறவாதீர்கள். சோதனை முடியும் முன்னர் நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் எதிர்ப்பொருள் குறையும். குடல் ஆறத் தொடங்கும். சோதனை நோயில்லை என்று பொய் கூறும். பின்னர் உண்மை அறிய, தேறிய குழந்தைக்கு மீண்டும் கோதுமை கொடுத்து நலிவிக்க நேரும். முதலில் சோதனை, பிறகே பத்தியம்.

நோய் உறுதியானால் மருந்து யாது? மாத்திரை இல்லை, ஊசி இல்லை, அறுவை இல்லை. குளூட்டன் உள்ள உணவை வாழ்நாள் முழுதும் விலக்குதல் ஒன்றே. திருவள்ளுவர் மருந்து என்று தலைப்பிட்டு ஓர் அதிகாரம் பாடினார். அதில் ஒரு பச்சிலையின் பெயரையும் கூறவில்லை. உடலுக்கு ஒத்த உணவைப் பற்றியே பெரிதும் பேசினார். அந்த அதிகாரத்திற்கு இந்நோயைக் காட்டிலும் தெளிவான உரை வேறொன்றை நான் கண்டதில்லை.

இவ்வகையில் தமிழர் பேறு பெற்றோர் என்பேன். பஞ்சாபியர் வீட்டில் இந்நோய் வந்தால் அடுப்படியையே மாற்றியாக வேண்டும். நமக்கோ இட்லி உண்டு, தோசை உண்டு, இடியாப்பம், புட்டு, ஆப்பம், அடை, பொங்கல், தயிர்ச்சோறு உண்டு. கேழ்வரகும் கம்பும் சோளமும் தினையும் சாமையும் உண்டு. எதையும் புதிதாகக் கற்க வேண்டுவதில்லை. பாட்டியை நினைவுகூர்ந்தால் போதும்.

ஆயினும் நம் அடுக்களையிலும் பகைவன் ஒளிந்திருக்கிறான். ரவை கோதுமையே, ஆகவே உப்புமாவும் கேசரியும் ரவா தோசையும் ஆகா. சேமியாவும் மைதாவும் ஆகா. கோதுமைப் பால் எடுத்துக் கிண்டும் அல்வாவும் ஆகாது. பார்லிக் கஞ்சி ஆகாது. பார்லி மால்ட் கலந்த ஊட்ட பானங்களும் ஆகா. பொது மாவு அரைவையில், கோதுமை அரைத்த கையோடு அரைத்த கேழ்வரகும் ஐயத்திற்குரியதே. எல்லாவற்றினும் நம்மை ஏமாற்றுவது வேறொன்று. அதனை எனக்குக் கற்பித்தவள் அந்தக் குழந்தையே.

கோதுமையை நிறுத்திய ஆறு மாதத்தில் அவள் ஆளே மாறிவிட்டாள். கன்னம் நிறைந்தது, பள்ளியில் ஓடி விளையாடினாள். ஆனால் ஓராண்டு கழித்தும் குருதியில் எதிர்ப்பொருள் முற்றும் தணியவில்லை. “அக்கா, குழந்தை ஒளித்து ஏதேனும் தின்கிறாளோ?” என்று கேட்டுவிட்டேன். அக்காவின் கண் கலங்கிற்று. குழந்தை என்னை ஏறிட்டுப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் என் மருத்துவ மனைக்கே வந்தாள். கையில் ஒரு டப்பா. “மாமா, இதைப் படியுங்கள்” என்றாள். பெருங்காய டப்பா. அதன் மீது நுண்ணிய எழுத்தில், கலந்த பொருள்களுள் ஒன்றாகக் கோதுமை மாவு என்று அச்சிட்டிருந்தது!

கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் முழுதும் பெருங்காயம் அன்று. பிசினும் மாவும் சேர்த்துத் தணித்ததே. அந்த மாவு பெரும்பாலும் கோதுமை மாவு. அதைச் சாம்பாரிலும் இரசத்திலும் மோரிலும் நாள் தவறாமல் இட்டு வந்தோம். அதுவொன்றே காரணம் என்று நான் அறுதியிட்டுக் கூறேன். எல்லார்க்கும் சப்பாத்தி சுட்ட கல்லிலேயே அவளுக்குத் தோசை வார்த்ததையும் அன்றுதான் எண்ணிப் பார்த்தோம். இரண்டையும் மாற்றினோம். மாவு கலவாத பெருங்காயம் தேடி வாங்கினோம், தோசைக்கல் தனியாயிற்று. அடுத்த சோதனையில் குருதி தெளிந்திருந்தது. பத்து வயதுக் குழந்தையை ஐயுற்ற என் நாணத்தை அன்று அவளிடம் ஒப்புக்கொண்டேன்.

“இவ்வளவு சிறிது என்ன செய்துவிடும்?” என்று கேட்கலாம். ஒரு சப்பாத்தியில் ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று கிராம் குளூட்டன் உண்டு. நாள்தோறும் 50 மில்லிகிராம், அதாவது ஒரு சப்பாத்தியின் ஐம்பதில் ஒரு கூறு, மூன்று மாதம் உட்சென்றாலே குடல் மீண்டும் கெடக்கூடும் என்று சோதித்துக் கண்டுள்ளனர். நம் நாட்டு விதிப்படி, குளூட்டன் இல்லாதது என்று எழுதி விற்கும் உணவில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அஃது இருத்தல் கூடாது. சிறு அளவு உண்டால் அன்று வயிறு வலிக்காமலும் இருக்கலாம். வலி இல்லை என்பதனால் சேதம் இல்லை என்று கொள்ளற்க.

இறுதியாக, நோயுற்றோர்க்கன்றி நம் எல்லார்க்கும் ஒரு வேண்டுகோள். இந்தப் பத்தியத்தில் கடினமானது சப்பாத்தியை விடுவதன்று. உறவினரின் அன்பைச் சமாளிப்பதே. “ஒரு துண்டு கேக்தானே, பிறந்த நாள் அன்று மறுக்கலாமா?” என்போம். “சுவாமி பிரசாதம், தீங்கு செய்யாது” என்போம். “இந்த வயதில் பெண்ணுக்கு இவ்வளவு பிடிவாதமா?” என்போம். மறுத்து மறுத்து அந்தக் குழந்தை விருந்துக்கு வருவதையே விட்டுவிடும். பெண் குழந்தையாயின், திருமணத்திற்கு இடையூறு என்று பெற்றோரே நோயை மறைப்பர்; மறைப்பதற்காகப் பந்தியில் உண்ணச் செய்வர். இது கொடுமை. இந்நோய் தொற்றுவதன்று, பத்தியம் காத்தால் படிப்புக்கும் வேலைக்கும் மணவாழ்வுக்கும் மகப்பேற்றுக்கும் தடையன்று. பிறர்க்கு அறியக் கொடுப்பதே பாதுகாப்பு.

நம் சங்கத்தின் செயற்குழுவிடம் ஒன்று கேட்கிறேன். இனி வரும் விருந்துகளில் கோதுமை கலவாத பண்டங்களுக்கு ஒரு தனி மேசை இடுங்கள். அதன் கரண்டி அங்கேயே இருக்கட்டும். பூரிப் பாத்திரத்திலிருந்து கை மாறி வர வேண்டா. ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னும் இன்ன பொருளால் ஆயது என்று ஒரு சீட்டு வையுங்கள். செலவு ஒன்றும் இல்லை. ஆனால் எங்கோ ஒரு மூலையில் தட்டை ஏந்தாமல் நிற்கும் குழந்தை ஒன்று, “இதை நான் உண்ணலாம்” என்று அறிந்து முன்வரும்.

என் மருமகள் என்ன ஆனாள் என்று தாய்மார்கள் கேட்பீர்கள். நலமாக இருக்கிறாள். எங்கள் குடும்பத்துப் பெண்களுள் உயரமானவள் அவளே. தன் கணவரிடமும் மாமியாரிடமும் பெண் பார்க்க வந்த அன்றே நோயைச் சொல்லிவிட்டாள். அந்த அம்மையார் மறுநாளே தம் வீட்டுப் பெருங்காய டப்பாவை எடுத்துப் படித்தாராம். இப்போது அவளுக்கு ஒரு மகன் இருக்கிறான். அவனையும் சோதித்தோம், இதுவரை நோயில்லை. அவன் இட்லியும் உண்கிறான், சப்பாத்தியும் உண்கிறான்.

இன்றிரவு வீடு சென்றதும், தாய்மார்கள் தத்தம் வீட்டுப் பெருங்காய டப்பாவை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். உங்கள் குழந்தை வளர்கிறதா என்று கதவு நிலையில் கோடிட்டுப் பாருங்கள். கோடு மேலே ஏறாவிட்டால் தண்ணீரைப் பழிக்காதீர்கள், மருத்துவரிடம் செல்லுங்கள். அவர், “தண்ணீர் மாற்றந்தான்” என்று கூறினால், இப்படிக் கூறிய மருத்துவன் ஒருவனை நாங்கள் அறிவோம் என்று சொல்லிச் சோதிக்கக் கேளுங்கள்.